எது வரைக்கும் போச்சு?

"பென்டிரைவ்ல பூட் ஆகமாட்டேங்குதுங்க" என்று, அதாவது பென்டிரைவில் இருந்து கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்று, யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "எது வரைக்கும் போச்சுங்க?" என்பதுதான். பெரும்பாலும் இந்தக் கேள்வி அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. "எது வரைக்கும்னா? ஆகவே இல்லீங்க" என்பார்கள். திரையில் என்ன வந்தது என்று கேட்டால், "என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சுங்க, ஆஃப் பண்ணிப்போட்டேன்" என்று பதில் வரும். அந்த என்னமோ இங்கிலீஷில்தான் விடை இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு வேறு பென்டிரைவ், வேறு ஐஎஸ்ஓ (இயங்குதளத்தை முழுசாக அடக்கிய ஃபைல்), பயாஸில் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்புகிற, போர்டிலேயே இருக்கிற புரோகிராம்) கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவது என்று போய், கடைசியில் "மதர்போர்டு போச்சு" என்ற முடிவில் வந்து நிற்கிறார்கள். நல்ல லேப்டாப்கள் பரண் ஏறுகின்றன. இது எனக்கு ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு இப்படிப்பட்ட அழைப்புகள் கூடிவிட்டன. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 (சாவிகளைப் பாதுகாக்கிற சிப்) வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்களிலும் ஈரோட்டில் மஞ்சள் மண்டிகளிலும் பில் போட்டுக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு அந்தத் தகுதி கிடையாது என்பது என் கணிப்பு. ஆனால் அவை ஓடாத மெஷின்கள் இல்லை. ஒரு பென்டிரைவில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை எழுதி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம். அந்த முதல் படியிலேயே வழுக்கி விழுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர்வெல் சாதாரணம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு "தண்ணி வரல" என்று சொன்னால் அவர் உடனே மோட்டாரை மேலே தூக்கிவிட மாட்டார். தூக்குவது ஒரு நாள் வேலை, அதற்கான கூலி வேறு. ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, மூன்று பேஸும் வருகிறதா, ஆம்பியர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்பார். முள் அசையவே இல்லை என்றால் ஒரு வழி, வழக்கத்தைவிட இறங்கி நின்றால் வேறு வழி. லேப்டாப்பில் இந்த முள்ளின் வேலையைத் திரை செய்கிறது. அதைப் பார்க்காமல்தான் நாம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருக்கிறோம்.

சின்னம்மா கொண்டுவந்த லேப்டாப்

காங்கேயம் பக்கத்தில் இருந்து சின்னம்மாவும் அவர் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பைக்குள் ஒரு லேப்டாப். மகன் பன்னிரண்டாவது படிக்கும்போது அரசுப் பள்ளியில் கொடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் எங்கள் பக்கக் கிராமங்களில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்த வீடுகள் ஏராளம். சின்னம்மா வீடும் அதில் ஒன்று. மகன் இப்போது பெருந்துறை சிப்காட்டில் வேலைக்குப் போகிறான். லேப்டாப் தங்கைக்கு வந்துவிட்டது. அவள் எம்.காம். படிக்கிறாள், ப்ராஜெக்ட் எழுத வேண்டிய நேரம். விண்டோஸ் பாதியில் நின்றுபோகிறது என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏங்கண்ணு, போர்டே போயிருச்சுன்னு சொல்லிப்போட்டாங்க. புதுசுதான் வாங்கோணும்ங்கறாங்க. நீ ஒருக்கா பாத்துச் சொல்லு. இல்லீன்னா கம்மலை வெச்சாவது இவளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துப்போடறேன்" என்றார் சின்னம்மா.

கடையில் என்ன செய்தார்கள் என்று தங்கையிடம் கேட்டேன். விண்டோஸ் 10 பென்டிரைவைப் போட்டார்கள், ஏதோ எர்ரர் வந்தது, வேறு பென்டிரைவ் போட்டார்கள், அதே எர்ரர், போர்டு போச்சு என்றார்கள். அப்புறம் அவள் சொன்னதுதான் முக்கியம்: "அண்ணா, எர்ரர் வந்தப்போ ஒரு போட்டோ எடுத்து வெச்சேன், பாக்கறீங்களா?"

அந்தப் போட்டோவில் விண்டோஸ் நிறுவும்போது வரும் ஊதா நிறத் திரை. நடுவில் ஒரு பெட்டி. கம்ப்யூட்டருக்குத் தேவையான மீடியா டிரைவர் ஒன்று இல்லை, அது டிவிடி, யூஎஸ்பி அல்லது ஹார்ட் டிஸ்க் டிரைவராக இருக்கலாம் என்கிற செய்தி. லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே சின்னம்மாவிடம் சொன்னேன், போர்டு போகவில்லை, கம்மல் காதிலேயே இருக்கட்டும் என்று.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது? அந்த ஊதாத் திரை வர வேண்டும் என்றால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பவர் வந்திருக்கிறது. பயாஸ் எழுந்திருக்கிறது. ராம் சோதனை தாண்டியிருக்கிறது. பயாஸ் பென்டிரைவைக் கண்டுபிடித்து, அதில் இருந்த பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தை ஏற்றிவிடுகிற சின்ன புரோகிராமை, ஓட்டியிருக்கிறது. அந்த பூட்லோடர் பென்டிரைவில் இருந்து சில நூறு எம்பி அளவுள்ள ஒரு சின்ன விண்டோஸை முழுக்கப் படித்து ராமில் இறக்கியிருக்கிறது. அந்தச் சின்ன விண்டோஸ் ஓடித்தான், நமக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டியிருக்கிறது. செத்துப்போன மதர்போர்டு இத்தனையும் செய்யாது. பழுது எதுவாக இருந்தாலும் இதற்கு அப்புறம் வருகிற ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும்.

ஒரே பென்டிரைவை இரண்டு முறை தேட வேண்டும்

இந்தச் சங்கதியில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பென்டிரைவை முதலில் படிப்பது பயாஸ், அல்லது புதிய மெஷின் என்றால் யூஇஎஃப்ஐ. அது தன்னிடம் இருக்கிற எளிய டிரைவரைக் கொண்டு படிக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் ராமுக்குள் ஏறி ஓடத் தொடங்கியதும், பயாஸ் கண்டுபிடித்து வைத்ததை அது வாங்கிக்கொள்வதில்லை. யூஎஸ்பி கன்ட்ரோலரை மறுபடி முதலில் இருந்து தட்டி எழுப்பி, தன் சொந்த டிரைவரைக் கொண்டு "என்னென்ன சொருகியிருக்கிறது?" என்று புதிதாகத் தேடுகிறது. சற்று முன் தான் ஏறி வந்த அதே பென்டிரைவை அது இரண்டாவது முறை கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் இதுதான் நடைமுறை. முதல் தேடல் வென்று இரண்டாவது தோற்றால், பாதி தூரம் வந்து நின்றுவிடும். விண்டோஸ் அதை மீடியா டிரைவர் இல்லை என்று சொல்லும். உபுண்டு வகை லினக்ஸ், லைவ் ஃபைல் சிஸ்டம் உள்ள மீடியம் எதையும் காணவில்லை என்று சொல்லிவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு கட்டளை வரியில் நம்மை உட்கார வைக்கும். சொல்வது வேறு வேறு, நோய் ஒன்றுதான்.

இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, கடைக்காரர் சொருகிய அதே இடது பக்க நீல நிற போர்ட்டில் என் லினக்ஸ் பென்டிரைவைச் சொருகினேன். எதில் இருந்து பூட் செய்வது என்று கேட்கிற பட்டியலுக்காக எஃப்12 அழுத்தியதும், அதில் பென்டிரைவ் பெயர் வந்தது. தேர்ந்தெடுத்ததும் மெனு வந்தது. என்டர் தட்டியதும் வரிகள் ஓடின. அப்புறம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, எதிர்பார்த்தபடி அந்தக் கட்டளை வரிக்கு வந்து சேர்ந்தது. இங்கேதான் எல்லோரும் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார்கள். அந்த வரி சும்மா வருவதில்லை, அங்கே ஒரு குட்டி லினக்ஸ் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும். கெர்னல் செய்திகளைக் காட்டச் சொன்னேன். யூஎஸ்பி சாதனம் முகவரியை ஏற்கவில்லை, எர்ரர் கழித்தல் 71 என்று திரும்பத் திரும்ப வந்திருந்தது. 71 என்பது புரோட்டோகால் எர்ரர்: கம்பியில் போய்வரும் சிக்னல் குழம்புகிறது என்று பொருள். மெஷினுக்குத் தெரிந்த டிஸ்க்குகளின் பட்டியலைப் பார்த்தேன். உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க் இருந்தது. பென்டிரைவ் இருக்க வேண்டிய வரி இல்லை.

லேப்டாப்பை அணைக்காமல், அப்படியே பென்டிரைவை உருவி வலது பக்கக் கறுப்பு போர்ட்டில் சொருகினேன். அடுத்த நொடி திரையில் புது வரிகள் விழுந்தன. புதிய யூஎஸ்பி சாதனம், தயாரித்த கம்பெனியின் பெயர், கொள்ளளவு, உள்ளே இருக்கிற பார்ட்டிஷன்கள் என்று ஒவ்வொன்றாக. தங்கைதான் முதலில் பார்த்தாள். "அண்ணா, பேரு வந்துருச்சு!" மறுபடி அணைத்து, கறுப்பு போர்ட்டிலேயே வைத்து பூட் செய்ததும் டெஸ்க்டாப் வந்து நின்றது.

காரணத்தைத் தேடிப் பார்த்தால் அது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒன்பது தொடர்புப் புள்ளிகள் உண்டு. நான்கு பழைய யூஎஸ்பி 2-க்கு, ஐந்து புதிய வேகத்துக்கு. அந்தக் காலத்து போர்டுகள் சிலவற்றில் பயாஸ் நீல போர்ட்டைக்கூட யூஎஸ்பி 2 வழியிலேயே வைத்திருக்கும். இயங்குதளம் தன் டிரைவரை ஏற்றிய பிறகுதான் அது யூஎஸ்பி 3 வழிக்கு மாறும். பழைய நான்கு புள்ளிகள் நன்றாக இருந்து, புதிய ஐந்தில் ஒன்று தேய்ந்திருந்தால், பயாஸுக்கு எல்லாம் சரி, கெர்னலுக்கு எதுவும் கிடைக்காது. இந்த மெஷினும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு இணைய இணைப்பு வரும் முன், அண்ணன்காரன் வருஷக் கணக்கில் நெட் டாங்கிளை அந்த போர்ட்டில்தான் தொங்கவிட்டிருந்தானாம். இப்போதும் அந்த போர்ட்டில் எதைச் சொருகினாலும் ஆடுகிறது.

விண்டோஸ் நின்றுபோனதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்கில் செக்டார்கள் கெட்டுப்போயிருந்தது. லைவ் லினக்ஸில் இருந்தபடியே அண்ணன் எடுத்த போட்டோக்களையும் அவளுடைய ப்ராஜெக்ட்டையும் காப்பாற்றி எடுத்துவிட்டு, ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாற்றினோம். புது லேப்டாப் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. ஓஎஸ் போடுவதற்கு இவ்வளவு என்று வாங்குகிறார், வரிசையில் பத்து மெஷின் காத்திருக்கிறது. ஆனாலும் திரையில் வாக்கியம் எழுதிக் காட்டுகிற ஒரு மதர்போர்டைச் செத்துப்போனதாகச் சொல்லக்கூடாது. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வீட்டில் நகை அடகுக்குப் போகிறது.

பட்டியலிலேயே வராவிட்டால்

எல்லாமே பாதி வழியில்தான் நிற்கும் என்று இல்லை. எஃப்12 அழுத்தினால் வருகிற பட்டியலிலேயே பென்டிரைவ் பெயர் இல்லை என்பதும் அடிக்கடி கேட்கிற புகார். இதில் பெரும்பகுதி பென்டிரைவைத் தயார் செய்ததில் இருக்கும். ஐஎஸ்ஓ ஃபைலைப் பாட்டு காப்பி செய்கிற மாதிரி இழுத்துப் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டால் அது ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். யூஇஎஃப்ஐ எதிர்பார்ப்பது, தன்னால் படிக்க முடிகிற ஒரு பார்ட்டிஷன், பொதுவாக எஃப்ஏடி32 என்ற அமைப்பில், அதில் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அங்கே குறிப்பிட்ட பெயரில் ஒரு ஃபைல். பழைய பயாஸுக்கு அது வேண்டாம், முதல் 512 பைட்டில் பூட் கோடு இருந்தால் போதும். ஒன்றுக்காகத் தயாரித்தது மற்றொன்றில் தெரியாமல் போகலாம். எஃப்ஏடி32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது என்பதும் தொல்லை. விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இருக்கிற முக்கிய ஃபைல் பல சமயம் அதைத் தாண்டிவிடுகிறது. கையால் காப்பி செய்கிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதித் தருகிற, பீட் படார்ட்டின் ரூஃபஸ் என்ற புரோகிராம் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது: பெரிய பார்ட்டிஷனை, பெரிய ஃபைல்களைத் தாங்குகிற என்டிஎஃப்எஸ் அமைப்பில் போட்டு, அதைப் படிக்கத் தெரிந்த டிரைவரை ஒரு குட்டி பார்ட்டிஷனில் பக்கத்திலேயே வைத்துவிடும்.

இன்னொன்று, எழுதி முடித்த லினக்ஸ் பென்டிரைவை விண்டோஸில் மறுபடி சொருகினால், சில சமயம் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். விண்டோஸுக்கு அந்த அமைப்பைப் படிக்கத் தெரியாததால் கேட்கிறது. ஓகே கொடுத்தால் எழுதியது போச்சு. கொடுத்துவிட்டு, பட்டியலில் வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பென்டிரைவே போலியாக இருப்பதும் நம் ஊர்ச் சந்தையில் சகஜம். மேலே 64 ஜிபி என்று அச்சடித்திருக்கும், உள்ளே இருக்கிற சிப் 8 ஜிபிதான். எழுதும்போது எந்த எர்ரரும் வராது. 8 ஜிபிக்கு அப்பால் எழுதியது காற்றில் போயிருக்கும், இல்லையென்றால் ஆரம்பத்தில் எழுதியதன் மேலேயே போய் விழுந்திருக்கும். எழுதிய பிறகு திருப்பிப் படித்துச் சரிபார்க்கிற எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 மாதிரி கருவிகள் இருக்கின்றன. மலிவாக வாங்கிய பென்டிரைவ் என்றால் அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ256 கூட்டல் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரியாக இருக்கிறதா என்பதும் அப்படித்தான். ஐந்து நிமிட வேலை, ஒரு மாலைப்பொழுது மிச்சம்.

செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் முன்

யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற யோசனை, "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்க, லெகசி போடுங்க" என்பது. செக்யூர் பூட் என்பது நம்பகமான கையெழுத்து இல்லாத பூட்லோடரை ஓடவிடாத காவல், லெகசி என்பது பழைய பயாஸ் முறை. இந்த யோசனையின் மேல் எனக்குக் கோபமே இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் சரியாக இருந்தது. இன்றைக்கு ஒருவர் லேப்டாப்பைப் பார்க்காமல் அதைச் சொல்வது ஆபத்து.

பல்லடம் ரோட்டில் காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கும் ஒரு அண்ணன். கணக்கு எழுதுகிற பையன், பழைய கம்ப்யூட்டரில் எடுத்த நகலைப் புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் பென்டிரைவ் வழியாக இறக்கப் பார்த்திருக்கிறான். பூட் ஆகவில்லை. யாரோ சொன்ன யோசனைப்படி செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறான். அடுத்த தடவை போட்டதும் விண்டோஸே வரவில்லை. நீலத் திரை, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் ரெக்கவரி கீ கேட்கிறது, 48 இலக்கம். அந்த கீ ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அந்தக் கணக்கை லேப்டாப் வாங்கின அன்றைக்குக் கடையில் யாரோ திறந்து கொடுத்தார்கள், யாருடைய போன் நம்பரில் என்று ஒருவருக்கும் நினைவில்லை. டேலி டேட்டா, இ-வே பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில். "என்னங்க தம்பி, எல்லாம் போச்சுங்களா?" என்று அண்ணன் கேட்டபோது குரலே சரியில்லை.

போகவில்லை. பிட்லாக்கரின் சாவி டிபிஎம் சிப்புக்குள் இருக்கிறது. மெஷின் எழுந்திருக்கிற விதம் முன்பு இருந்த மாதிரியே இருந்தால் மட்டும் அது சாவியைக் கொடுக்கும். செக்யூர் பூட் நிலையும் அந்தக் கணக்கில் சேர்த்தி. பையன் அதை அணைத்ததைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி ஆன் செய்யச் சொன்னேன். விண்டோஸ் கீ கேட்காமலே வந்தது. பதற்றத்தில் டிபிஎம்மை கிளியர் செய்திருந்தால் அந்த வழியும் அடைந்திருக்கும். அன்றைக்கே ரெக்கவரி கீயைப் பிரிண்ட் எடுத்து ஜிஎஸ்டி ஃபைலில் வைக்கச் சொல்லிவிட்டு, கணக்கையும் அண்ணன் போன் நம்பருக்கு மாற்றினோம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவை மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்கிற சின்ன பூட்லோடரோடுதான் வருகின்றன. அவற்றுக்குச் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓ வைக்கிற வென்டாய்கூட, முதல் தடவை சொருகும்போது அதன் சாவியைப் பதிவு செய்துவிட்டால் செக்யூர் பூட் ஆனிலேயே ஓடும்.

அணைக்கத்தான் வேண்டும் என்ற நிலை சில சமயம் வரும். அப்போதும் விண்டோஸுக்குள் போய் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, கீயைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்புறம் பயாஸுக்குள் போக வேண்டும். செக்யூர் பூட்தான் தடுக்கிறதா என்பதையும் திரையே சொல்லிவிடும். பட்டியலில் பெயர் வரும், தேர்ந்தெடுத்ததும் செக்யூரிட்டி வயலேஷன் என்ற சொல் வரும். அந்தச் சொல் வராமல் வேறு ஏதோ காரணத்துக்கு நின்றால், அதை அணைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய ஷிம்களை இனி நம்பக்கூடாது என்று மெஷினுக்குள் எழுதிவிட்டது. விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருந்த பலருக்கு அதுவரை நன்றாக ஓடின பென்டிரைவ்கள் ஒரே இரவில் நின்றன. எஸ்பிஏடி என்ற நான்கெழுத்து திரையில் தெரிந்தால் காரணம் அதுதான், புதிய ஐஎஸ்ஓ எழுதினால் தீர்ந்துவிடும். இப்போது அதற்கு நேர்மாறான நிலை ஒன்று வருகிறது. செக்யூர் பூட்டுக்கு அடிப்படையான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனில் இருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. அதனால் ஓடிக்கொண்டிருப்பது எதுவும் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் அவற்றுக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சாவியால் மட்டும் கையெழுத்தான புதிய பென்டிரைவை, அந்தச் சாவி இல்லாத பழைய மெஷின் ஏற்காது. அரசு கொடுத்த லேப்டாப்கள், யூனிட்களில் ஓடும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கும் பயாஸ் அப்டேட் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அப்டேட் இன்னும் வந்துகொண்டிருக்கிற விண்டோஸ் உள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் அப்டேட்களைத் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள், புதிய சாவி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. நன்றாக பூட் ஆகிற பழைய லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று கையில் இருந்தால் அதை அழிக்காமல் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதியது நின்று பழையது ஓடினால், எங்கே பார்க்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். எனக்குப் போன் செய்வதாக இருந்தால், அணைப்பதற்கு முன் திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.